பூனைக்குச் சோப்பு: நாக்கை மனத்தில் வைத்து வாங்குங்கள்

பெட் ஷாப்புக்குப் போய்ப் பூனைக்குச் சோப்பு கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் நாய்ப் படம் போட்ட கட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். “ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க, எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்று உறுதியும் சொல்வார்கள். கடைக்காரர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் பூனை விஷயத்தில் மிக அதிகமாகக் கெடுதல் செய்வது இந்த ஒரு வாக்கியம்தான்.

குளிப்பாட்டி விட்டதும் நாய் உடம்பை உதறிவிட்டு, முடிந்தால் மண்ணில் ஒரு புரளலும் புரண்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பூனை அப்படிச் செய்யாது. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து, வால் நுனி முதல் கழுத்து வரை நக்க ஆரம்பிக்கும். அதன் நாக்கில் தொண்டைப் பக்கம் வளைந்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. முடியில் ஒட்டியிருக்கும் எதையும் சுரண்டி எடுத்து உள்ளே அனுப்புவதற்கென்றே அமைந்த முட்கள் அவை. நீங்கள் முதுகில் தேய்த்ததில் அலசாமல் விட்ட மிச்சம் எவ்வளவோ, அவ்வளவும் அன்று இரவுக்குள் வயிற்றுக்குப் போய்விடும். எனவே பூனைக்குச் சோப்பு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இது நன்றாக நுரைக்குமா, மணக்குமா’ என்பதல்ல. ‘இதைப் பூனை கொஞ்சம் தின்றால் என்ன ஆகும்?’ என்பதே.

தின்றால் என்ன ஆகும் என்பதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. நம் உடம்பும் நாயின் உடம்பும் பல நச்சுப் பொருள்களோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து, நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். பூனைக்கு இந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். இதற்கான நொதிகளில் முக்கியமான ஒன்றைத் தயாரிக்க வேண்டிய மரபணுவின் பெயர் யூ.ஜி.டி.1ஏ6. பூனையில் அது செயலிழந்து கிடக்கிறது. வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம், புலி வரை அந்தக் குடும்பத்துக்கே இதே கதைதான். செடிகொடிகளில் உள்ள நச்சுகளைச் சமாளிக்க வேண்டிய தேவை, இறைச்சி மட்டுமே தின்னும் விலங்குக்கு இல்லாமல் போனதே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். சோப்பில் வரும் ஃபீனால் வகைப் பொருள்களும், பல மூலிகை எண்ணெய்களும் பூனைக்குள் போனால் இதே முட்டுச்சந்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

முதலில், குளியல் வேண்டுமா?

ஆரோக்கியமான நாட்டுப்பூனைக்குப் பெரும்பாலும் வேண்டாம். ‘வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டுகிறேன்’ என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் அதை நிறுத்தச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. பெர்ஷியன் போன்ற நீளமுடிப் பூனைகள், உடல் பருத்தோ வயதாகியோ பின்பக்கத்தை எட்டி நக்க முடியாத பூனைகள், எண்ணெயிலோ பெயின்டிலோ விழுந்து வந்தவை, தோல் நோய்க்கு மருத்துவர் குளியல் எழுதிக் கொடுத்தவை ஆகியவற்றுக்கு மட்டுமே சோப்பைப் பற்றி யோசித்தால் போதும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சோப்பே கூடாது. அதற்கு உடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாது, நனைந்தால் குளிர்ந்துபோய்விடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியும், பல் நெருங்கிய சீப்பும் அதற்குப் போதும்.

‘மெத்ரின்’ என்று முடிகிறதா?

நாய்ச் சோப்பு ஏன் கூடாது என்பதற்கு வருவோம். நம் ஊரில் நாய்ச் சோப்பு என்றாலே பெரும்பாலும் உண்ணிச் சோப்புதான். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சாக வேண்டும் என்று அதில் சேர்ப்பவற்றில் பிரதானமானது பெர்மெத்ரின். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று அதற்கு உறவினர்கள் பலர் உண்டு. நாய்க்கு இவை பெரிய தொந்தரவு தருவதில்லை. பூனைக்கோ நரம்பு மண்டலத்தையே ஆட்டிவைக்கும் விஷம். காது துடிப்பதில் தொடங்கும். பிறகு தோல் சிலிர்த்து உடம்பு நடுங்கும், கால் தள்ளாடும், வலிப்பு வரும். சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடலாம். சில பூனைகளில் மூன்று நாள் கழித்தும் தலைகாட்டலாம்.

அளவு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு. நாயின் பிடரியில் விடும் சொட்டுமருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட மருந்தில் 1 மில்லி லிட்டர், நாலரைக் கிலோ எடையுள்ள பூனையின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். சோப்பில் செறிவு அதைவிடக் குறைவுதான். ஆனால் சோப்பை ஒரு சொட்டாக யாரும் போடுவதில்லை, உடம்பு முழுக்கத் தேய்க்கிறோம். அப்புறம் அது நக்குகிறது. ஒரே வீட்டில் நாயும் பூனையும் ஒட்டிப் படுத்துத் தூங்குபவையாக இருந்தால், நாய்க்குப் போட்ட மருந்து காயும்வரை இரண்டையும் பிரித்து வைப்பது நல்லது.

ஆகவே அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘மெத்ரின்’ என்று முடியும் எந்தப் பெயர் இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். அமிட்ராஸ் இருந்தாலும் அப்படியே. சொறி சிரங்குக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மனிதர்களுக்கான சோப்பு, பேன் லோஷன் ஆகியவற்றிலும் பெர்மெத்ரின் வருவதுண்டு. பழைய சிரங்குத் தைலங்களில் வரும் பென்சைல் பென்சோயேட்டும் பூனைக்கு ஆகாது. கிராமத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கும். அதில் ஒரு மூடி தண்ணீரில் கலந்து பூனையின் மேல் ஊற்றிவிடுவார்கள். மாட்டுக்கு ஒரு மூடி என்பது பூனைக்கு என்ன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பூனைக்கு உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ இருந்தால் அதைச் சோப்பால் தீர்க்கப் பார்க்காதீர்கள். பூனைக்கென்றே எடை பார்த்துத் தரும் ஃபிப்ரோனில், செலமெக்டின் சொட்டுமருந்துகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். சொட்டுமருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். தோலின் எண்ணெய்ப் பசையில்தான் அந்த மருந்து பரவுகிறது.

நம் சோப்பு, நம் ஷாம்பு

‘நான் போடும் சோப்புதான், ஒன்றும் ஆகாது’ என்பது அடுத்த வாதம். பெர்மெத்ரின் அளவுக்கு ஆபத்தில்லை, உண்மை. ஆனாலும் பொருத்தமில்லை.

கட்டிச் சோப்பு என்பது கொழுப்பு அமிலமும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாகும் உப்பு. அதன் பி.எச். 9, 10 என்ற காரப் பக்கத்தில்தான் நிற்கும். அதைக் கீழே இறக்கினால் சோப்பு மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். ‘பி.எச். பேலன்ஸ்டு’ என்று எழுதியிருக்கும் கட்டிகள் வேதியியல் கணக்கில் சோப்பே அல்ல. செயற்கை நுரைப்பான்களால் ஆனவை. பூனையின் தோல் நடுநிலையை ஒட்டியது, மிக மெல்லியது. காரம் பட்டால் எண்ணெய்ப் பசை போய் வறண்டு, செதில் உதிர்ந்து, அரிக்கத் தொடங்கும். அரித்தால் இன்னும் நக்கும்.

டி.எஃப்.எம். எண்ணைப் பார்த்துச் சோப்பு வாங்கும் கெட்டிக்காரர்கள் நம் வீடுகளில் நிறைய. இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்லும் எண் மட்டுமே. 76 போட்ட சோப்பும் காரம்தான். நமக்கு நல்ல சோப்பு எது என்று அந்த எண் காட்டலாம், பூனைக்கு ஏற்றது எது என்று காட்டாது.

தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைப் பற்றி வெளிநாட்டுப் பூனைப் புத்தகங்களில் அதிகம் பார்க்க முடியாது. போர் போட்டு உப்புத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் கட்டிச் சோப்பு போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரியும், வாளி விளிம்பில் பிசுக்காகப் படியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் கசடு அது. அதே கசடு பூனையின் உள்முடியிலும் படியும். எத்தனை மக் ஊற்றினாலும் முழுசாகப் போகாது. திரவ ஷாம்புகளில் இந்தத் திரிதல் இருக்காது. வேறு காரணமே இல்லாவிட்டாலும், சென்னைப் புறநகர் மாதிரி இடங்களில் பூனைக்குக் கட்டியைத் தவிர்த்துத் திரவத்தை வாங்க இது ஒன்று போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பொடுகு ஷாம்பு வேண்டவே வேண்டாம். தார், செலினியம் சல்ஃபைடு, சாலிசிலிக் அமிலம் என்று அவற்றில் வருபவை பூனைக்கு ஏற்றவையல்ல. தாரிலும் ஃபீனால்கள் இருக்கின்றன.

கிருமிநாசினி

தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். குளோரோசைலினால் என்ற ஃபீனால் வகைப் பொருள் அதில் இருக்கிறது. காயம் கழுவ, தரை துடைக்க, துணி ஊறவைக்க என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்திப் பழகிய கை, பூனையின் குளியல் நீரிலும் ஒரு மூடி ஊற்றிவிடும். அதே பொருள் சேர்த்த சோப்புக் கட்டிகளும் உண்டு. பூனைக்கு இவை வாயிலும் நாக்கிலும் புண்ணை உண்டாக்கும். எச்சில் வடித்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும். தரை துடைக்கும் திரவங்களில் வரும் பென்சால்கோனியம் குளோரைடும் இதையே செய்யும். ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்கினாலே போதும். பூனை இருக்கும் வீட்டில் தரை நன்றாகக் காயும்வரை அறைக் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வேண்டும்.

இயற்கைதானே?

மூலிகை என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தால் நம் மனம் இளகிவிடுகிறது. பூனையின் கல்லீரல் பச்சை நிறத்தைப் பார்ப்பதில்லை. டீ ட்ரீ எண்ணெய், நீலகிரித் தைலம், கற்பூரம், ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்கள் எல்லாமே பூனைக்கு நஞ்சு வகையில் சேர்ந்தவை. எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன் உடம்புச் சூட்டைக் குறைக்கும், நடுக்கம் தரும். லாவண்டரில் வரும் லினலூலும் அதே ரகம். வேப்பெண்ணெயை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்புகிறோம். பூனையின் மேல் பூசி நக்கவிட்டால் எச்சில் ஒழுகலும் நடுக்கமும் வரக்கூடும். வேப்பிலை வேகவைத்த தண்ணீரோடு எண்ணெயை ஒன்றாகப் பார்க்க வேண்டாம். எண்ணெயில் செறிவு மிக அதிகம்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கொல்லாது. ஆனால் கண்ணில் பட்டால் நாமே அலறுவோம், பூனை என்ன செய்யும்? அதிலுள்ள சப்போனின் வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி ஆகலாம். அரைத்த துகள் உள்முடியில் தங்கிவிடும். பயத்தமாவும் கடலைமாவும் நச்சில்லாதவைதான். ஈரத்தோடு போட்டால் பசையாக ஒட்டிக்கொண்டு, நம் வெயிலிலும் புழுக்கத்திலும் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். காய்ந்த முடியில் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், கொஞ்சம் கடலைமாவைத் தூவித் தடவி, உடனே சீவி எடுத்துவிடலாம். அந்த அளவில் அது உதவும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது?

பூனைக்கு என்று வெளிப்படையாக எழுதிய, மருந்து சேர்க்காத திரவ ஷாம்பு. ‘நாய், பூனை இரண்டுக்கும்’ என்று இருந்தால் பொருள் பட்டியலை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு எடுக்கலாம். பட்டியலே இல்லாத பாட்டிலை, அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், வாங்க வேண்டாம். ‘மூலிகைச் சாறு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு எந்த மூலிகை என்று சொல்லாததும் இதில் சேரும். கோகமிடோபுரொப்பைல் பீட்டைன், டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு போன்ற பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் மென்மையான நுரைப்பான் என்று பொருள். பட்டியல் சிறியதாக இருப்பது நல்லது. வாசனை இல்லாதது கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. மணம் நமக்குத்தான் வேண்டும், பூனைக்கு வேண்டாம். வீட்டில் இரண்டு பூனை இருந்தால், ரோஜா மணத்தோடு வரும் ஒன்றை மற்றது யாரோ எவரோ என்று சீறித் துரத்துவதையும் பார்க்கலாம்.

‘கண்ணீர் வராது’ என்ற வாசகம் கண் எரிச்சலைப் பற்றியது மட்டுமே. நக்கினால் பாதுகாப்பு என்று அதற்கு அர்த்தமில்லை.

பூனை ஷாம்பு கிடைக்காத ஊரில் இருக்கிறீர்கள், பூனையோ சாக்கடையில் விழுந்து வந்து நிற்கிறது. மணம் குறைந்த குழந்தை ஷாம்பு ஒருமுறைக்குப் பரவாயில்லை. அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்துக்கும் ஓரிடம் உண்டு: தவறாக நாய் மருந்து மேலே பட்டுவிட்டது, அல்லது எஞ்சின் ஆயில் ஊறிவிட்டது என்றால், அந்த எண்ணெய்த்தன்மையை உடனே நீக்க அதன் சில துளிகள் உதவும். அப்போதுகூட எலுமிச்சை மணமில்லாததாகப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் கட்டியை எடுத்துவிடாதீர்கள், அது காரம் மிகுந்தது. எலிக்கு வைத்த பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட பூனைகள் நம் ஊரில் அடிக்கடி மருத்துவரிடம் வருகின்றன. சமையல் எண்ணெயைத் தடவி மெதுவாகப் பிசைந்தால் பசை இளகும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெயை எடுக்கலாம். மண்ணெண்ணெய், தின்னர் இரண்டையும் தொடவே கூடாது.

வட்டவட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம். பூனையிடமிருந்து குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை அது. இங்கே மருந்து ஷாம்பு தேவைப்படும். குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்தது பரவலாகப் பயன்படுகிறது, வாரம் இருமுறை, நுரையோடு பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. பெரும்பாலும் கூடவே மாத்திரையும் வேண்டியிருக்கும். எது, எவ்வளவு நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்துக்கடைப் பையனிடம் கேட்டு வாங்கும் சமாச்சாரமல்ல.

முதல் தடவை

புது ஷாம்புவை முதல் நாளே முழு உடம்பிலும் போடாதீர்கள். பின்தொடையில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் போட்டு அலசி, ஒரு நாள் பாருங்கள். சிவக்கவில்லை, சொறியவில்லை என்றால் மேலே போகலாம். பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் ஒரு மக் வெதுவெதுப்பான நீரில் சிறிது கலக்கி ஊற்றினால் குறைவாகச் செலவாகும், சீக்கிரமும் அலசும். முகத்துக்கு ஷாம்பு வேண்டாம், ஈரத்துணி போதும். தேய்ப்பதற்கு இரண்டு நிமிடம் என்றால் அலசுவதற்கு நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். வயிறு, அக்குள், வால் அடி ஆகிய இடங்களில்தான் நுரை ஒளிந்துகொள்ளும். முடியை விரலால் பிழிந்தால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும், வழுவழுப்பு இருக்கக் கூடாது. குட்டி போட்ட தாயாக இருந்தால் வயிற்றுப் பக்கம் ஷாம்புவே வேண்டாம். குட்டிகள் அங்கேதானே வாய் வைக்கும்.

தப்பாகிவிட்டால்

எச்சில் வழிகிறது, தலையை ஆட்டுகிறது, நடுங்குகிறது, தள்ளாடுகிறது, வாயில் புண் தெரிகிறது, தோல் சிவந்து கன்றுகிறது. இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். வலிப்பு இல்லாமல் விழிப்போடு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் அந்தப் பொருள் போகும்வரை அலசுங்கள். சுடுநீர் கூடாது, தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி இன்னும் அதிகமாக உறிஞ்சும். பச்சைத் தண்ணீரில் உடம்பு குளிர்ந்தால் பெர்மெத்ரின் நடுக்கம் மோசமாகும். துவட்டித் துணியில் சுற்றி, வழியில் நக்காமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள கல்லூரிகளின் மருத்துவமனைகளும் இருக்கின்றன. இரவில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பால் ஊற்ற வேண்டாம், உப்புக் கரைசல் புகட்ட வேண்டாம். போட்ட சோப்பின் பெட்டியையோ பாட்டிலையோ மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். உறையைக் கிழித்து எறிந்திருந்தால் குப்பைத் தொட்டியில் தேடி எடுங்கள். எந்த மருந்து எவ்வளவு சதவீதம் என்று அதில்தான் அச்சிட்டிருக்கும், மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.